வெட்டி வேலையும் மணற்கடிகை ஏலமும்

சென்ற மாதம் குடுமியான்மலைக் குடைவரையை மீண்டுமொருமுறை பார்த்துவிட்டு வருவோமென்று நண்பர்கள் ஐவர் விடியற்காலையிலேயே சென்னையிலிருந்து புறப்பட்டோம். செங்கல்பட்டைத் தாண்டி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு சுங்கச்சாவடியில் எங்களுக்கு முன்னால் நின்ற லாரியின் ஃபாஸ்டேக் வில்லையைக் கருவி படிக்க மறுத்தது. பின்னால் ஐம்பது வண்டிகளின் ஒலிப்பான்கள். இந்தச் சூழலில் வரலாற்று ஆர்வலர்கள் என்ன செய்வார்கள்? சுங்கந்தவிர்த்த சோழனைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். முதலாம் குலோத்துங்கன் இன்றிருந்தால் இந்தச் சாவடி இருந்திருக்குமா என்று ஒருவர் கேட்க, அவன் தவிர்த்தது சரக்கின் மீதான சுங்கத்தை, சாலைக்கான கட்டணத்தை அன்று என்று மற்றொருவர் திருத்த, பேச்சு சூடேறியது.

எங்களுடன் வந்தவர்களுள் ஒருவர் நெடுஞ்சாலைப் பணிகளில் பல ஆண்டுகள் உழைத்த பொறியாளர். அதுவரை அமைதியாக இருந்தவர் அப்போதுதான் வாய் திறந்தார். "சாலை போடுவது எளிது. யாரைக் கொண்டு, எந்த முறையில் போடுவது என்று முடிவெடுப்பதுதான் கடினம்" என்றவர், திண்டிவனம் வருவதற்குள் எங்களுக்கு ஒரு பாடமே நடத்திவிட்டார். அரசே வரைபடம் தயாரித்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, குறைந்த விலை சொன்னவரிடம் வேலையைக் கொடுப்பது ஒரு முறை. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் சேர்த்து ஒருவரிடமே ஒப்படைத்துவிடுவது மற்றொன்று, இ.பி.சி. என்பது இதுதான். பணத்தையும் ஒப்பந்தக்காரரே போட்டுச் சாலையை அமைத்து, குறித்த ஆண்டுகள் சுங்கம் தண்டி, பிறகு அரசிடம் திருப்பித் தருவது மூன்றாவது. பி.ஓ.டி. என்று பலகைகளில் பார்த்திருப்பீர்கள். இம்மூன்றாவது முறையில் கடன்பட்டவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, 2016இல் ஒரு கலப்பு முறை வந்தது. கட்டுமானக் காலத்தில் செலவின் 40 விழுக்காட்டை அரசு தரும். மீதி 60ஐ ஒப்பந்தக்காரர் திரட்டவேண்டும். அது அவருக்குத் தவணைகளாகத் திரும்பி வரும். சுங்கம் அரசின் கணக்கில் சேரும்.

இவையெல்லாம் அண்மைக்காலத்து மேலாண்மை நிபுணர்களின் கண்டுபிடிப்புகள் என்று எண்ணியிருந்தோம். ஊர் திரும்பிய பிறகு தொடங்கிய வாசிப்பு அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து இம்முறைகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகவும், சில சமயம் ஒரே நேரத்திலும் செய்து பார்த்திருக்கிறது. கோயில்களையும் கல்வெட்டுகளையும் விட்டு இம்முறை ஏன் கடல் கடந்தீர்கள் என்று வாசகர்கள் கோபிக்க வேண்டாம். பெருவழிகளில் நமக்கிருக்கும் ஈடுபாட்டின் நீட்சியாகவே இதனைக் கொள்க.

கதை 1555இல் தொடங்குகிறது. அவ்வாண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், சாலைகளைப் பேணும் பொறுப்பை அந்தந்தப் பாரிஷின், அதாவது தேவாலயத்தை மையமாகக் கொண்ட ஊர் வட்டத்தின், தலையில் வைத்தது. ஊரார் ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூலியின்றிச் சாலையில் வேலை செய்யவேண்டும். நிலம் உடையவர் வண்டியும் இரண்டு ஆட்களும் அனுப்பவேண்டும். சில ஆண்டுகளிலேயே நான்கு நாட்கள் ஆறாயின. மேற்பார்வையிட ஊரிலிருந்தே இருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கும் சம்பளம் இல்லை. சாலை அமைப்பதைப் பற்றி அவர்களுக்கு ஏதும் தெரிந்திருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வெட்டி என்று நம் கல்வெட்டுகள் குறிக்கும் கூலியற்ற கட்டாய உழைப்பேதான் இது. அந்தச் சொல் இன்று தமிழில் எப்பொருளில் வழங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்திலும் அதே கதைதான். சாலைக்கு வந்து மண்வெட்டியின் மீது சாய்ந்தபடி பொழுதைக் கழித்த ஊராரை 'அரசரின் சோம்பேறிகள்' என்று கேலி பேசினார்கள். சம்பளமில்லாத வேலை எங்கும் ஒரே பெயரைத்தான் சம்பாதித்துக் கொள்கிறது போலும்!

ஆனால் சோம்பலைவிடப் பெரியதொரு குறை இம்முறையில் இருந்தது. இலண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலை ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் சிற்றூர்கள் வழியாகச் சென்றது. வேர் நகரத்துக்கு வாற்கோதுமையும் மால்ட்டும் ஏற்றிச் சென்ற கனத்த வண்டிகள் அச்சாலையை உழுது போட்டன. வண்டிகள் யாருடையவோ, இலாபம் யாருக்கோ. பள்ளத்தை நிரப்பும் பாடு மட்டும் அந்த ஊர்க் குடியானவனுக்கு. அவன் வாழ்நாளில் வேர் நகரத்தைத் தாண்டிப் போயிருப்பானா என்பதே ஐயம். சாலையால் பயன்பெறுபவன் ஒருவன், சாலைக்கு உழைப்பவன் மற்றொருவன். இந்த முரண்பாடுதான் 1663இல் முதல் சுங்கச்சாவடிச் சட்டத்துக்கு வித்திட்டது. ஹார்ட்ஃபோர்ட்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர், ஹன்டிங்டன்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் ஒவ்வொரு சாவடி அமைத்து, சாலையைப் பயன்படுத்துபவரிடம் பணம் வாங்கிக்கொள்ள அச்சட்டம் அனுமதித்தது. மூன்றில் உருப்படியாக இயங்கியது வேட்ஸ்மில் சாவடி மட்டுமே. காக்ஸ்டனில் வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டில்டனில் ஊரார் எதிர்ப்பினால் சாவடியை நிறுத்தவே முடியவில்லை. சாவடியைத் தவிர்க்கக் கிராமத்துக் குறுக்குவழி தேடும் நம்மூர் ஓட்டுநர்கள் 360 ஆண்டுகால மரபொன்றைக் காத்துவருகிறார்கள் என்று பெருமை கொள்ளலாம்.

தொடக்கத்தில் நீதிபதிகள் கையில் இருந்த சாவடிகள், பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்து 'டர்ன்பைக் டிரஸ்ட்' என்னும் பொறுப்பாளர் குழுக்களின் கைக்கு மாறத் தொடங்கின. உள்ளூர் நிலக்கிழார்களும் வணிகர்களும் பாதிரிமார்களும் கூடி நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் ஒன்றைப் பெறுவார்கள். வழக்கமாக 21 ஆண்டுக் காலத்துக்கு உரிமை கிடைக்கும். வரப்போகும் சுங்கத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கிச் சாலையைச் செப்பனிடுவார்கள். வசூலிலிருந்து வட்டி கட்டுவார்கள். கடன் தீர்ந்ததும் சாவடியை அகற்றிவிடவேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால் கடன் தீர்ந்த டிரஸ்ட்டுகளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். 21 ஆண்டு முடியுமுன் மீண்டும் நாடாளுமன்றம், மீண்டும் புதுப்பிப்பு. 1830களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 1,100 டிரஸ்ட்டுகளும், 22,000 மைல் சாலையும், எட்டாயிரத்தை நெருங்கும் சாவடிகளும் இருந்தன. மற்ற சாலைகளெல்லாம், அதாவது நாட்டுச் சாலைகளில் ஆறில் ஐந்து பங்கு, அப்போதும் பாரிஷ்களின் வெட்டி வேலையையே நம்பியிருந்தன.

சுங்கத்தை டிரஸ்ட்டுகள் நேரடியாகத் தண்டுவது அரிது. குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஏலம் எப்படி நடக்கவேண்டுமென்று 1773ஆம் ஆண்டுப் பொதுச்சட்டம் விதித்திருக்கும் முறை சுவையானது. மேசையின் மீது ஒரு நிமிட மணற்கடிகை ஒன்று இருக்கும். ஒருவர் கேள்வி கேட்டதும் அதைக் கவிழ்ப்பார்கள். மணல் முழுதும் இறங்கியதும் மறுபடி கவிழ்ப்பார்கள். இவ்வாறு மூன்று முறை மணல் இறங்கும் வரை வேறு யாரும் உயர்த்திக் கேட்காவிடில் சாவடி அவருக்கு. நம் ஊர்களில் கண்மாய் மீன் ஏலம் 'ஒருதரம், இரண்டுதரம்' என்று போவதைப் பார்த்த நமக்கு அந்தக் கூடத்தின் காட்சி கண்ணில் விரிகிறது. இக்குத்தகையில் பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள் உண்டு. இலண்டனைச் சுற்றியிருந்த சாவடிகளைக் குத்தகை எடுத்த லூயி லெவி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரறிந்த புள்ளி.

பணம் திரட்டும் வழி இவ்வாறு கிடைத்தது. சாலையை யார் போடுவது? இங்கேதான் நம் மனத்தைக் கொள்ளைகொண்ட மனிதர் வருகிறார்.

ஜான் மெட்காஃப், 1717இல் யார்க்ஷயரின் நேர்ஸ்பரோவில் பிறந்தவர். ஆறு வயதில் அம்மை நோய் இரு கண்களையும் பறித்துக்கொண்டது. பிடில் வாசித்துப் பிழைத்தார். குதிரை வணிகம் செய்தார். 1745 கலகத்தின்போது படையோடு போனார். பிறகு சரக்கு வண்டி ஓட்டினார். 1765இல், ஹாரோகேட்டிலிருந்து பரோபிரிட்ஜுக்குச் சாலையமைக்க டிரஸ்ட் ஒன்று உருவானபோது, மின்ஸ்கிப்புக்கும் ஃபெரன்ஸ்பிக்கும் இடைப்பட்ட மூன்று மைல்களைத் தாம் போட்டுத்தருவதாக முன்வந்தார். அப்போது அவருக்கு 48 வயது. அடுத்த இருபத்தேழு ஆண்டுகளில் அவர் அமைத்த சாலைகள் ஏறத்தாழ 180 மைல்.

நீண்ட கோலொன்றை ஊன்றியபடி தனியாக நடந்தே நிலத்தை அளப்பார். கால் பதியும் விதத்தையும் கோல் இறங்கும் ஆழத்தையும் கொண்டே மண்ணின் தன்மையைச் சொல்வார். கணக்குகள் அனைத்தும் மனத்துக்குள்தான். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் செல்லும் பாதையில், ஸ்டான்டெட்ஜ் மேட்டுநிலத்தில் ஒரு பெருஞ்சதுப்பு குறுக்கிட்டது. சதுப்பைக் கெட்டித் தரை தட்டும்வரை தோண்டி அகற்றவேண்டும் என்றனர் டிரஸ்ட்டின் தரப்பினர். மெட்காஃப் மறுத்தார். அவ்வாறு தோண்டினால் சாலை பள்ளத்தில் கிடக்கும்; மழையும் பனியும் அதில் வந்து நிறையும்; செலவுக்கும் முடிவிராது. என் வழியில் போடுகிறேன்; தவறினால் உங்கள் வழியில் என் சொந்தச் செலவில் போட்டுத்தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். மேட்டுநிலத்துப் புதர்ச்செடிகளை அறுத்துக் கட்டுக்கட்டாகக் கட்டி வரிசையாகப் பரப்பி, அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசை பரப்பி அழுத்தி, அந்த மெத்தையின் மீது கல்லும் சரளையும் கொட்டினார். பாதி வேலையின்போது கைகொட்டிச் சிரித்தவர்கள் சாலை முடிந்தபின் வாயடைத்துப் போனார்கள். அந்தப் பகுதிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பழுதுபார்க்கும் தேவையே எழவில்லை என்பர்.

நம் பொறியாளர் நண்பரின் மொழியில் சொன்னால் இது இ.பி.சி. வடிவமும் அவருடையது, வேலையும் அவருடையது, தவறினால் நட்டமும் அவருடையது. டிரஸ்ட்டுக்கு வேண்டியது நல்ல சாலை. எப்படி என்பது மெட்காஃபின் பாடு. இதில் புதுமைக்கு இடமிருந்தது. ஆனால், அவரைச் சந்தித்துப் பேசிய மான்செஸ்டர் மருத்துவர் பியூ என்பவர் வியப்போடு குறித்துவைத்த செய்தியொன்று உண்டு. மெட்காஃப் தம் திட்டங்களையும் மதிப்பீடுகளையும் தமக்கே உரிய முறையொன்றில் வகுத்துக்கொண்டார். அதைப் பிறருக்கு விளக்கிச் சொல்ல அவரால் இயலவில்லை. இந்த முறையின் வலிமையும் வலுவின்மையும் இக்குறிப்பிலேயே இருக்கின்றன. மெட்காஃப் நேர்மையாளர் என்பதனால் டிரஸ்ட்டுகள் பிழைத்தன. அதே ஒப்பந்தத்தை வேறொருவரிடம் கொடுத்திருந்தால், சதுப்புக்குள் என்ன புதைத்தார் என்று யார் பார்த்திருப்பார்கள்? அவருக்கும் இம்முறை எப்போதும் ஊதியம் தரவில்லை. அவருடைய கடைசிப் பெரிய வேலையின்போது லங்காஷயரில் கால்வாய் வெட்டும் பணிகள் பெருகிக் கூலி ஏறிவிட்டது. பேசிய தொகையோ ஏறவில்லை. இரண்டு ஆண்டு உழைத்து முடித்தபோது 40 பவுண்ட் கைந்நட்டம். 1792இல் சாலைத் தொழிலை விட்டார். 1810இல், 92ஆம் வயதில் மறைந்தார்.

ஸ்காட்லாந்தின் வடமலைப் பகுதியில் கதை வேறு. அங்கே 1725 முதல் ஜெனரல் வேட் படைவீரர்களைக் கொண்டே சுமார் 250 மைல் சாலையமைத்தார். அவர்களுக்கு வழக்கமான சம்பளத்துக்கு மேல் சிறிது படி கிடைத்தது. கிளர்ச்சியை அடக்கப் படை செல்வதற்கான சாலைகள் அவை. மாட்டுக்கோ வண்டிக்கோ வணிகனுக்கோ அல்ல. செங்குத்து ஏற்றங்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அப்பகுதிக்கு மக்கள் பயன்படுத்தத்தக்க சாலைகள் 1803க்குப் பிறகே வந்தன. வேலையும் உணவுமின்றி மக்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. நாடாளுமன்றம் ஓர் ஆணையத்தை அமைத்துச் செலவில் பாதியை அரசு ஏற்கும் என்றது. மறுபாதி நிலக்கிழார்களுடையது. 40க்கு 60 என்ற கணக்கைக் கேட்டுப் புருவம் உயர்த்திய நாங்கள், பாதிக்குப் பாதி என்ற இந்தக் கணக்கைக் கண்டபோது சிரித்துக்கொண்டோம். வேறுபாடும் உண்டுதான். நிலக்கிழார் தம் பங்கைத் திரும்பப் பெறப்போவதில்லை. தம் நிலத்தின் மதிப்பு உயரும் என்பதே அவருக்குக் கிடைக்கும் தவணை.

அந்த ஆணையத்தின் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு. மேய்ப்பர் ஒருவரின் மகனாக 1757இல் பிறந்து, கல்தச்சராகத் தொழில் தொடங்கியவர். மெட்காஃபுக்கு நேர் எதிரான முறை இவருடையது. எல்லாமே தாளில் இருக்கும். பாலத்தின் வளைவு, வடிகாலின் அகலம், அடித்தளக் கற்களின் அளவு, மேலே பரப்பும் ஜல்லியின் கனம் என ஒவ்வொன்றையும் எழுதிவைத்து, அதன்மேல் ஒப்பந்தப்புள்ளி கேட்பார். வேலை நடக்கும்போது அவருடைய ஆய்வாளர்கள் நேரில் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். அவர்களுள் தலையாயவரான ஜான் மிட்செல் பனியிலும் மழையிலும் ஆண்டு முழுதும் குதிரைமேல் அலைந்து சோதித்தவர். எதற்கும் வளையாத அவரை டெல்ஃபோர்டு 'தார்த்தாரியர்' என்றே அழைப்பாராம். பதினெட்டு ஆண்டுகளில் 900 மைலுக்கு மேல் சாலையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களும் எழுந்தன. ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. குறைந்த தொகையைச் சொல்லி வேலையைப் பிடித்த சிறு ஒப்பந்தக்காரர்கள் பலர், பாறையும் பனியும் ஆய்வாளரின் கண்டிப்பும் சேர்ந்து நெருக்க, நொடித்துப்போனார்கள். சாலை சரியாக இருந்தது; போட்டவர் இல்லை. இ.பி.சி. சிறந்ததா, வரைந்து கொடுத்துக் கட்டச் சொல்வது சிறந்ததா என்று எம்மிடம் கேட்டால், மிட்செல் போன்ற ஒருவர் கிடைப்பாரா என்பதைப் பொறுத்தது என்றே சொல்வோம். 1824இல் அவர் மறைந்தார். அந்த அலைச்சலே அவரைத் தின்றது என்று எண்ணுகிறோம்.

மூன்றாமவர் பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஜான் லவுடன் மெக்ஆடம். டார் சேர்ந்ததும் டார்மெக் ஆகிவிட்ட அந்தப் பெயருக்குரியவர் 1816இல், அறுபதாம் வயதில், பிரிஸ்டல் டிரஸ்ட்டின் சாலை மேற்பார்வையாளரானார். பெருங்கல் அடித்தளம் வேண்டாம். ஆறு அவுன்சுக்கு மேற்படாத சிறு ஜல்லியைப் பத்து அங்குல கனத்துக்குப் பரப்பி, கீழ்மண்ணை நீர் புகாமல் உலர்வாக வைத்தாலே போதும் என்ற அவருடைய கொள்கை பாடநூல்களில் இருக்கிறது. முதியவர்களும் பெண்களும் சிறுவர்களும்கூட உட்கார்ந்து உடைக்கத்தக்க கல். உடைத்த அளவுக்குக் கூலி. எமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் நிர்வாகத்தைப் பற்றிச் சொன்னவை. சாலைகள் கெட்டிருப்பது கல்லில்லாமல் அன்று, கணக்கில்லாமல் என்பது அவர் கட்சி. தகுதியற்ற மேற்பார்வையாளருக்கு அற்பச் சம்பளம். கேள்வி கேட்பாரற்ற பொருளாளர். ஐந்து மைலுக்கும் பத்து மைலுக்கும் தனித்தனி டிரஸ்ட். இவற்றை இணைத்து, தொழில் தெரிந்தவருக்கு நல்ல சம்பளம் கொடுத்து, நேரடியாக வேலை நடத்தவேண்டும் என்று 1819இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வலியுறுத்தினார். ஓரளவு பலித்தது. 1826இல் இலண்டனின் வடபுறத்து டிரஸ்ட்டுகள் பதினான்கு ஒன்றாயின; அவற்றின் மேற்பார்வை அவர் மகன் ஜேம்ஸுக்கு வந்தது. 1754இல் எடின்பரோவிலிருந்து இலண்டனுக்குப் பத்து நாள் எடுத்த வண்டிப் பயணம், 1830களில் இரண்டே நாளுக்குள் முடிந்தது.

இதையெல்லாம் கேட்டுப் பாராட்டும் மனநிலையில் மேற்கு வேல்ஸின் விவசாயிகள் இல்லை. அவர்களுடைய மண் புளிப்பேறியது. சுண்ணாம்பு இடாமல் எதுவும் விளையாது. சுண்ணாம்பு ஏற்றிவரும் வண்டி வழிநெடுகிலும் சாவடிதோறும் நின்று பணம் கட்டவேண்டும். கடனில் மூழ்கிய விட்லாண்ட் டிரஸ்ட், தாமஸ் புல்லின் என்ற கண்டிப்பான குத்தகைக்காரருக்குச் சாவடிகளை விட்டபோது பொறுமை எல்லை மீறியது. 1839 மே 13 இரவு, முகத்தில் கரி பூசி, பெண்ணுடை தரித்த ஆண்கள் எஃபைல்வென் சாவடியை உடைத்தெறிந்தனர். விவிலியத்தில் வரும் ரெபேக்காளின் பெயரால் அவர்கள் தலைவன் அழைக்கப்பட்டான். 1842இலும் 1843இலும் தென்மேற்கு வேல்ஸ் எங்கும் இது பரவியது. 1843 செப்டம்பரில் ஹெண்டி சாவடியைக் காத்துவந்த சாரா வில்லியம்ஸ் என்ற மூதாட்டி சுட்டுக் கொல்லப்பட்டார். டிரஸ்ட்டின் கடனுக்கோ குத்தகைத் தொகைக்கோ எவ்விதப் பொறுப்பும் இல்லாதவர் அவர். கதவைத் திறந்து மூடுவதே அவர் வேலை. இதைப் படித்த நாளில் எங்களுக்குள் வெகுநேரம் பேச்சே எழவில்லை. சாவடியில் அந்த லாரி நின்றபோது, கையடக்கக் கருவியோடு ஓடிவந்த இளைஞனை நோக்கி நாங்கள் உட்பட எல்லோரும் கத்தினோம் என்பது நினைவுக்கு வந்தது.

விசாரணை ஆணையம் விவசாயிகளின் குறையில் உண்மை உண்டென்று ஏற்றது. 1844இல் தென் வேல்ஸ் டிரஸ்ட்டுகள் அனைத்தும் மாவட்டச் சாலை வாரியங்களாக இணைக்கப்பட்டன. சுண்ணாம்புக்கான சுங்கம் பாதியாயிற்று. பாரிஷ்களின் வெட்டி வேலை அதற்கு முன்பே, 1835ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்திருந்தது. மற்ற இடங்களில் டிரஸ்ட்டுகளை முடித்துவைத்தது கலகமன்று, இரயில். 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்ததிலிருந்து நெடுந்தூரக் குதிரை வண்டிகள் ஒவ்வொன்றாக மறைய, சாவடிகளின் வருவாய் வற்றியது. சுங்கத்தை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்த விதவைகளும் பாதிரிமார்களும் முதலைத் திரும்பக் காணவில்லை. போக்குவரத்து இந்த அளவு இருக்கும் என்று கணக்கிட்டுக் கடன் வாங்குபவர் எவரும், தம் சாலைக்குப் போட்டியாக எது வரும் என்று கணக்கிட்டதில்லை. 1888இல் மாவட்ட மன்றங்கள் ஏற்பட்டு முதன்மைச் சாலைகள் அவற்றின் பொறுப்பாயின.

எஞ்சி நின்ற ஒரே டிரஸ்ட், டெல்ஃபோர்டே அமைத்த ஹோலிஹெட் சாலையின் ஆங்கிள்சீ தீவுப் பகுதியாகும். அயர்லாந்துக்குச் செல்லும் தபாலுக்காகவும் உறுப்பினர்களுக்காகவும் 1815 முதல் அரசுப் பணத்தில் போடப்பட்ட சாலை அது. அதற்கு முன் அவ்வழியைப் பேணாத குற்றத்துக்காக 22 ஊர்களின் மீது தபால் துறை வழக்குத் தொடுத்திருந்தது என்றால் அதன் பழைய நிலையை ஊகிக்கலாம். 1826 ஜனவரி 30இல் மெனாய் நீரிணையின் மீது தொங்கு பாலம் திறக்கப்பட்டது. அந்தச் சாலையின் சாவடிகள் 1895 நவம்பர் 1 வரை சுங்கம் தண்டின. பாலத்தைக் கடந்ததும் வரும் லான்வைர்புல் என்ற ஊரில் (58 எழுத்துகள் கொண்ட பெயரால் சுற்றுலாப் பயணிகளை இழுக்கும் அதே ஊர்தான்) டெல்ஃபோர்டின் எண்கோணச் சாவடி வீடு இன்றும் நிற்கிறது. குதிரைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, ஓட்டிச் செல்லும் ஆட்டுமந்தைக்கு இவ்வளவு என்று எழுதிய கட்டணப் பலகையும் அதன் சுவரில் இருக்கிறது. பொறியாளர் நண்பர் அதன் புகைப்படத்தை நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டின் முன் அவர் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.